சாமைக் கொல்லையில் கட்டிய போர் விமானம்

வெள்ளிமலைக்கு மேற்கே, செங்கம்மாளின் சாமைக் கொல்லையில், ஆனி பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒரு போர் விமானம் ஆளில்லாமல் வந்து இறங்கியது. அன்று கள்ளக்குறிச்சியில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய். விமானப்படைத் தளத்தில் அதை ஓட்டியவர் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழுது பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடங்களுக்கு வேறு யாரையும் போடவில்லை. கொட்டகையில் நின்று நின்று சலித்துப்போய் விமானம் தானே கிளம்பிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

செங்கம்மாளுக்கு இருந்தது அந்த முக்கால் ஏக்கர்தான். ஆடி பிறப்பதற்குள் விதைக்காவிட்டால் வருஷம் பூராவும் சாமையை விலைக்கு வாங்கித் தின்ன வேண்டும். ஆனால் கொல்லையில் இறங்கிய மாட்டைக் கட்டிப்போட்டு, உடையவன் வந்து அவிழ்க்கும்வரை தண்ணீர் காட்டுவது அங்கே வழக்கம். கட்டியவளே அவிழ்த்து விரட்டினால் ஊர் குற்றம் சொல்லும். அவள் யோசிக்காமல் முன்சக்கரத்தில் கயிறு போட்டுப் பலாமரத்தில் கட்டிவிட்டாள். குண்டானில் வைத்த தண்ணீர் மறுநாள் காலியாக இருந்தது.

"இன்னா செங்கம்மா, கறவையா, உழவு மாடா?" என்று பக்கத்துக் கொல்லை மாயவன் கேட்டான்.

"உன்னாட்டம் தண்டத்துக்கு நிக்கிறதுதான், போய்யா."

கள்ளக்குறிச்சிக்குப் போய் மனு கொடுத்தாள். பதினெட்டு நாள் கழித்து விமானப்படை வந்தது. மாயவன் பத்தொன்பது என்கிறான். அவன் எண்ணியது சரியாகவும் இருக்கலாம். வந்தது ஒரே ஆள். பெயர் இளஞ்செழியன். சின்னசேலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் மாறி மலையேறியிருந்தார். பையில் நான்கு தொப்பிகள் இருந்தன. காவலர் தொப்பியோடு விமானத்தைச் சுற்றிவந்தார். மெக்கானிக் தொப்பியோடு அடியில் படுத்துப் பார்த்தார். அதிகாரி தொப்பியோடு கையெழுத்துப் போட்டார். ஓட்டுபவர் தொப்பியை மாட்டிக் கயிற்றை அவிழ்த்து ஏறி உட்கார்ந்தார். விமானம் அசையவில்லை.

"வர மாட்டேங்குதுக்கா," என்றார், இறங்காமலே.

"அங்க அத்த யாரு பாத்துக்கறாங்க?"

"நான்தான். பதினாறு விமானம். நான் ஒருத்தன்."

செங்கம்மாள் அவரையும் பார்த்தாள், ஈரம் காயும் கொல்லையையும் பார்த்தாள். ஆடிக்கு மூன்று நாள்தான் இருந்தது. "காலைல ஓட்டிக்கினு போ தம்பி. பொழுது சாய இங்கயே அனுப்பிடு, தண்ணி நான் காட்டறேன். ஆனா கொல்லைல இல்ல, அதோ அந்தப் பாறைல நிக்கட்டும்."

விமானம் உடனே உறுமியது.

ஆடிக்கு முதல் நாள் விதைத்து முடித்தாள். அன்றிலிருந்து காலையில் அவள் கயிற்றை அவிழ்க்க, விமானம் எல்லை காக்கப் போய், சாயங்காலப் பால்காரர் வரும் நேரத்துக்குத் திரும்பியது. படையின் மாத அறிக்கையில் எப்போதும் தயாராக இருந்தது அது ஒன்றுதான். ஐப்பசியில் பாறையில் சாமை அடித்தபோது விமானம் மெதுவாக மூச்சுவிட்டுப் பதரையும் தூற்றிக் கொடுத்தது. முறத்துக்கு வேலையில்லை. மாயவன் தன் சாமையையும் கொண்டுவந்து கொட்டினான்.

மறு வருஷம் ஆனியில் மேலும் இரண்டு வந்தன. கொல்லையைச் சுற்றிக்கொண்டு போய் நேராகப் பாறையில் இறங்கின. அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே விதைத்திருந்த பயிர் ஒன்றுகூடச் சாயவில்லை. செங்கம்மாள் சின்னசேலம் போய் இரண்டு கயிறும் கொஞ்சம் பெரிய குண்டான் ஒன்றும் வாங்கி வந்தாள்.