காயாத சுவர்

வீடுகளில் கரண்டு மிச்சம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். பழைய வீடென்றால் எனக்குக் கொஞ்சம் திமிரும் சேர்ந்துகொள்ளும். பீளமேட்டில் ராமாமணி டீச்சரின் வீட்டுக்குத் தொண்ணூறு வயது. பக்கவாதம் வந்து படுத்திருந்த அவர் கணவர் சீனிவாசலுவின் அறையில், மூன்று வருஷத்துக்கு முன்பு என் கைவரிசையைக் காட்டினேன்.

மர உத்தரத்தை மறைத்துத் தெர்மாகோல் வைத்த பலகைக் கூரை போட்டேன். மேலே இருந்த காற்றுத் துவாரங்களை அடைத்தேன். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசி, தண்ணீர் புகாத பெயிண்டும் அடித்தேன். "இனி பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிற வேலையே இல்லீங்கம்மா" என்று பெருமை வேறு. ஏசி ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது. அய்யா நன்றாகத் தூங்கினார். வருகிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொன்னார்.

சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன் வாயை நான் அடைத்துவிட்டேன்.

போன ஐப்பசி மழையில் டீச்சர் கூப்பிட்டார். கட்டிலுக்கு மேலே, மூலையில் ஈரம்.

"பலகையக் கழட்டிப் பாக்கறீங்களா தம்பி?"

பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் என் வேலை முழுக்கத் தப்பென்று ஆகிவிடுமே! "ஒண்ணுமில்லீங்கம்மா" என்று இன்னொரு கோட் அடித்துவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கட்டில் நேரே உத்தரத்துக்கு அடியில் கிடந்தது. ஈரத்தில் உத்தரம் இற்றுப்போனால் நேரே அய்யா மேல்தான் விழும். ஆனாலும் ஐந்து மாதம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

பங்குனியில் பொறுக்க முடியாமல் நானே போனேன். அறையில் கட்டிலைக் காணோம். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அய்யா எங்கீங்க?"

"முன்னால ரூமுல இருக்காருங்க. நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே நவுத்திபோட்டேன்."

"ஏனுங்கம்மா?"

"பலகையக் கழட்டச் சொன்னப்ப நீங்க என் மூஞ்சியப் பாக்கலீங்களே."

ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினேன். சுவருக்குள் போகிற உத்தர முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். இட்லியில் இறங்குவதுபோல் இறங்கியது.

"தப்பு என்னுதுங்கம்மா. அன்னைக்கே தெரியுமுங்க." ஏணியைவிட்டு இறங்காமலேயே சொன்னேன்.

"அவருகிட்ட நான் பெயிண்டு காயலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவருக்கு உங்க மேல அத்தனை மதிப்புங்க. நெசத்தை நீங்களே சொல்லிபோடுங்க."

ஏசி இல்லாத முன்னறை தகரக் கொட்டகை மாதிரி கொதித்தது. சீனிவாசலு அய்யா வேர்வையில் நனைந்த சட்டையோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பக்க முகம் மட்டும் சிரித்தது.

"வாங்க தம்பி. பெயிண்டு காஞ்சுதுங்களா?"

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன்.

"அது காயாதுங்கய்யா" என்றேன்.