பலீலாவுக்காகத் தாழ்த்திய லொறி

கூண்டுவண்டி இருந்தவரை பலீலாவுக்கு வெளியே போவது பெரிய காரியமாக இருந்ததில்லை. வண்டிக்காரன் முன்பக்க மூக்கணையைத் தூக்கிப் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் தரைக்கு இறங்கி வரும். முக்காட்டை இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே உள்ளே நகர்ந்துவிடலாம். அந்த வண்டியையும் காளைகளையும் விற்றுத்தான் அவள் கணவன் மொஹிதீன் கொழும்பிலிருந்து ஒரு பழைய லொறியை வாங்கி வந்திருந்தான். லொறி யாருக்காகவும் சாய்ந்துகொடுப்பதில்லை. ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கை அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தது.

பதுளைக் கடைத்தெருவில் கீழே அவர்களுடைய இரும்புக்கடை, மேலே வீடு. பின்னாலிருந்த குறுகிய ஒழுங்கைக்குள் லொறி நுழையாது. ஏறுவதென்றால் தெருவில்தான், எல்லோரும் பார்க்கத்தான்.

"ஒரு தேயிலைப் பெட்டிய வச்சா ஏறிருவேனே," என்றாள் பலீலா.

"பெட்டி மேல ஏறி நின்னா இன்னும் நல்லாத் தெரிவே. தெருவே அண்ணாந்து பாக்கும். கொஞ்சம் பொறு, லொறியோட மூக்கயே கீழ எறக்கிருவோம்."

பொறுக்க நேரமில்லை. நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கடை வைத்திருந்த நஸீரைக் கட்டிய தங்கை ஹம்ஸியாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவம். உம்மா இறந்த வீட்டில் வளர்ந்தவர்கள் இருவரும். வலி வருவதற்கு முந்தி நான் வந்து நிற்பேன் என்று பலீலா அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

எதிரே வீரசிங்கம் ஆச்சாரியின் பட்டறை. மாடி ஜன்னலின் மரத்தட்டி வழியாக வேலை முழுவதும் தெரிந்தது. லொறியின் மூக்கை ஒரு வில்பட்டை முன் அச்சின்மேல் தாங்கி நின்றது. அச்சு முன்னும் பின்னும் நகராமல் கவட்டை போன்ற ஓர் இரும்புக் கை அதைப் பிடித்திருந்தது. ஆச்சாரி வில்லிலிருந்து இரண்டு பட்டைகளைக் கழற்றி, மிச்சத்தைக் காய்ச்சி வளைவைக் குறைத்தார். மூக்கு இறங்கியது. ஆனால் கவட்டைக் கை பழையபடியே இருந்ததால் சக்கரங்களின் சாய்வு கெட்டுப்போனது. ஓட்டிப் பார்த்தபோது லொறி தெருவின் இரண்டு பக்கமும் அலைந்தது.

"என்னா மொதலாளி, லொறிக்குச் சாராயமா ஊத்துனீங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் என்னத்த ஊத்த? ஆச்சாரியோட ஒரு கெழமை இருந்ததுல அதுவாப் பழகிருச்சு," என்றான் மொஹிதீன்.

"பழகட்டும், பழகட்டும். கையையும் காய்ச்சி வளைச்சிட்டா கல்யாண மாப்பிள மாதிரி நேரா நடக்கும்," என்றார் ஆச்சாரி. வளைத்தார். அதிகம் வளைந்துவிட்டது. மறுபடி நிமிர்த்தினார்.

பலீலாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தங்கையின் பிள்ளைக்கென்று தைத்த சட்டைகளைப் பிரித்து மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சம்மட்டி விழும்போதெல்லாம் அடுத்த அடிக்காகக் காது காத்திருந்தது. கணவன் படியேறி வந்ததும், "இன்னைக்கும் முடியலையா?" என்று சீறினாள்.

"நாளைக்கு."

அந்தச் சொல்லைக் கேட்கும்போது நெஞ்சுக்குக் கீழே ஏதோ ஒன்று தளர்வதை அவள் ஒருநாள் கவனித்துவிட்டாள். கோபம் பொய்யில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு நிம்மதி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் அறைக் கதவைத் தாழிட்டு, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு உயரமிருந்த உடுப்புப் பெட்டகத்தின்மேல் காலை வைத்து ஏறிப் பார்த்தாள். ஏற முடிந்தது. இன்னொரு தடவையும் ஏறினாள். லொறியை இறக்கவே தேவையில்லை. இதை அவள் மொஹிதீனிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பெட்டகத்தின்மேல் உட்கார்ந்தபடி அவள் யோசித்தாள். போன வருஷம் இதே அறையில் அவளுக்கும் பிள்ளை பிறந்தது. வலி இப்போது நினைவில் இல்லை. அதன்பிறகு வந்த அமைதிதான் இருந்தது. பிள்ளை அழவே இல்லை. மருத்துவச்சியும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை. அந்த அழாத நேரத்துக்குள் இன்னொரு முறை போய் நிற்க வேண்டுமென்றால், வழியில் எத்தனை ஆச்சாரிகள் குறுக்கே நின்றாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

தோட்டத்துத் தபால்காரன் மாடசாமி வந்தபோது லொறி வேலை முடிந்து பட்டறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"நஸீர் நானா சொல்லச் சொன்னாருங்க. விடியக்காலமே வலி தொடங்கிருச்சாம். வாறதுன்னா இப்பவே வரட்டுமாம்."

தெருவில் இறங்கி அவள் லொறியில் ஏறினாள். பின்பக்கம் உயர்ந்து, மூக்கு தாழ்ந்து, அது ஊர்ந்து வந்த பிராணியைப் போல நின்றது. சின்ன எட்டு ஒன்றே போதுமாக இருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஏனோ அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இருக்கையை மறைக்கக் கட்டியிருந்த திரையை மொஹிதீன் இழுத்துவிட்டான்.

பசறையைத் தாண்டி மலை ஏறும்வரை லொறி ஒழுங்காகத்தான் போனது. தோட்டப் பாதைக்குத் திரும்பியதும் குறுக்கே ஒரு கான் வந்தது. மழைத்தண்ணீர் ஓடக் கல் பதித்த பள்ளம். முன்பு இந்தக் கானில் வண்டிச் சக்கரங்கள் இறங்கி ஏறும். இப்போது சக்கரம் இறங்கியதும் தாழ்ந்த மூக்கு கல்லில் மோதியது. இரும்பு கிறீச்சிட்டது. லொறி அப்படியே நின்றது.

மொஹிதீன் கீழே படுத்துப் பார்த்தான். "கவட்டைக் கை மடங்கிருச்சு. நீ எறங்காத, உள்ளுக்கே இரு. நிமித்திட்டுப் போவோம்."

தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கூடைகளோடு வந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"என்னா நானா, ஒங்க லொறி கான்ல தண்ணி குடிக்குதா?"

"சும்மா இரு பெரியாயி, அது தோட்டத்து மண்ணத் தொட்டுக் கும்புடுது," என்றாள் இன்னொருத்தி.

திரைக்குள் பலீலா அசையாமல் இருந்தாள். இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். அவள் மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கான்மேல் சொல்வார்கள், ஆச்சாரிமேல் சொல்வார்கள், மொஹிதீன்மேல் சொல்வார்கள். ஹம்ஸியாகூட நம்பிவிடுவாள். அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

திரையை விலக்கிக் காலை வெளியே வைத்தாள். தரை பக்கத்திலேயே இருந்தது.

"நஸீர் நானா கடைக்கு எப்படிப் போறது?"

பெரியாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பிள்ளத்தாச்சிக்கு அக்காவா? ரோட்டால போனா சுத்து. இந்த மேட்டால ஏறுனா கடைக்குப் பின்னால போயிரலாம். ஆனா படி ஒசரம். ஒங்களால ஆகுமாம்மா?"

மண்ணில் வெட்டிய முதல் படி அவள் இடுப்பளவு இருந்தது. பலீலா சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். பெரியாயி மேலே நின்று கையை நீட்டினாள்.

"பலீலா!" லொறிக்கடியிலிருந்து மொஹிதீனின் குரல் வந்தது. "எல்லாரும் பாக்குறாங்க!"

"நீங்க லொறியப் பாருங்க," என்றபடி அவள் ஏறினாள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தாள். பயம் குறையவில்லை. அதுவும் கூடவே மேடேறி வந்தது. கடையின் பின்னறையில் ஹம்ஸியாவின் முகம் வியர்வையில் நனைந்திருந்தது.

"லாத்தா, நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை பலீலா விழுங்கிக்கொண்டாள். "வந்துட்டேன்ல," என்று தங்கையின் கையைப் பிடித்தாள்.

"காலக் கழுவிட்டு வாம்மா, அட்டை கடிச்சுத் தொங்குது," என்றாள் தோட்டத்து மருத்துவச்சி.

"குடிக்கட்டும்," என்றாள் பலீலா. அடுத்த வலியில் ஹம்ஸியாவின் நகங்கள் அவள் மணிக்கட்டில் இறங்கின. கீழே பாதையில் மொஹிதீன் கவட்டைக் கையை அடித்து நிமிர்த்தும் சத்தம் கேட்டது. அவள் காது அடுத்த அடிக்காகக் காத்திருக்கவில்லை.