காந்தம் ஒட்டாத கூரை

பெரகலச் சந்தியில் பிளேன்டீ குடிக்க நிறுத்திய பத்து நிமிடத்தில் எங்கள் லேண்ட் ரோவரின் மேல் ஒரு சைப்ரஸ் மரம் விழுந்தது. வண்டிக்கு வயது அறுபது. மரத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் என்றார்கள். இரண்டுக்கும் ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும். கூரை மட்டும் நடுவில் கிழிந்து, தொட்டில் மாதிரி உள்ளே தொங்கியது.

வண்டி என் அக்காள் றஷீனாவின் கணவர் பர்ஹான் மச்சானுடையது. பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு எட்டு டீச்சர்மாரைத் தினமும் ஏற்றி இறக்குவதுதான் அதன் தொழில். அவருடைய தொழிலும் அதுவே. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம். எட்டுப் பேரின் சார்பில் முஷ்ரிபா டீச்சர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"பர்ஹான், திங்கக்கிழம கூர இல்லாட்டி நாங்க வேன் ஒண்டு பேசிக்கொள்ளுவம். கோவிக்க வாணாம்."

நாங்கள் கோவிக்கவில்லை. அதே ரகக் கூரை ஒன்று பூனாகலையில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் பக்கத்தில், சமையல் கொட்டகையின் மேல் கிடப்பது மச்சானுக்கு ஞாபகம் வந்தது. எப்போதோ புரண்டுபோன தோட்டத்து வண்டியின் கூரை. புதன்கிழமை காலை கூரையில்லாத வண்டியிலேயே போய் நின்றோம்.

கொட்டகைக்காரர் வீரய்யா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஏன் மொதலாளி, டவுன்ல தகரமே இல்லையா?"

"தகரம் ஈக்குது ஐயா. இது எங்கட வண்டிக்கு அளவாப் பொருந்தும்."

"வருசக்கணக்கா இந்த வழியாத்தானே போறீங்க. இன்னைக்குத்தான் பொருந்துதா?"

மச்சான் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கூரையில் வைத்துப் பார்த்தார். அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அசல் அலுமினியம்தான் என்ற சந்தோஷத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பிழை. அதற்குள் லயத்தில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு சுரேஸ் கொழும்பில் உடுப்புக்கடையில் வேலை செய்கிறவர். லீவில் வந்திருந்தார். உலகம் தெரிந்தவர்.

"காந்தம் ஒட்டலன்னா இரும்பு இல்ல. இரும்பு இல்லன்னா என்னா?"

எல்லோரும் மனதுக்குள் ஒரே உலோகத்தைச் சொல்லிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

"அலுமினியம்," என்றேன்.

"நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க," என்றார் சுரேஸ்.

நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து, பதிலுக்கு ஆறு புதுத் தகரம் தருவதாக மச்சான் சொன்னார். வீரய்யா ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நசுங்கிப்போன கூரைக்கு ஆறு புதுத் தகரமா? போய்ட்டு வாங்க மொதலாளி."

ஆறு அதிகம்போலிருக்கிறது என்று வியாழக்கிழமை இரண்டோடு போனோம்.

"நேத்து ஆறு, இன்னைக்கு ரெண்டு. நடுவுல யாருகிட்ட போய் விசாரிச்சீங்க?"

மச்சான் வண்டியருகே போய் நின்றார். எட்டு டீச்சர்மாரும் ஒருவர் பின் ஒருவராக வேனில் ஏறுவதை அவர் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வீரய்யாவின் மனைவி பெரியாயிதான் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

"தம்பி, அவருக்குத் தங்கமும் வேணாம், ஒன்னும் வேணாம். புதுத் தகரம் மினுங்கும்ல? லயத்துல புதுசா ஒன்னும் கட்டக் கூடாதுன்னு தோட்டத்து ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. இது பழசா கெடக்குறதால யாரும் கண்டுக்கல. பளபளன்னு பாதைக்குத் தெரிஞ்சா, எவன் கட்டச் சொன்னான்னு வந்து பிரிச்சுப் போட்ருவாங்க. அப்பறம் நான் எங்க ஆக்குறது?"

இரண்டு நாளாக நாங்கள் அவருடைய அடுப்பைப் பிடுங்க லஞ்சம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலின் துருத் தகரங்களைக் கழற்றிவிட்டு, வீரய்யாவுக்கு வாங்கிய இரண்டையும் இன்னும் நான்கையும் அங்கே அடித்தோம். அக்காள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"கலியாணம் முடிச்ச நாள்லேந்து இத மாத்தச் செல்லி ஈக்கிறன். இண்டைக்கு என்ன திடீர்னு? யாருக்காக?"

"பெரியாயிக்காக," என்றார் மச்சான், யோசிக்காமல். அந்த விளக்கத்துக்கு முக்கால் மணி நேரம் போயிற்று.

பகல் தொழுகை முடிந்து அந்தத் துருத் தகரங்களோடு பூனாகலைக்கு ஏறினோம். வீரய்யா தகரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்தாவதில் நிறுத்தினார்.

"இதுல ஓட்டையே இல்லையே."

"நல்ல தகரம் ஐயா," என்றார் மச்சான்.

"அதான் கேக்குறேன்."

ஒரு ஆணியை வாங்கி அவரே இரண்டு ஓட்டை போட்டார். பிறகு உள்பக்கமாகத் தார் பூசி அதை அடைத்தார். உள்ளே ஒழுகக் கூடாது. பாதையில் போகிறவர்களுக்கு ஒழுகுகிற மாதிரித் தெரிய வேண்டும். கூரையை இறக்கித் தகரங்களை அடித்து முடித்தபோது, பின்னேரம், கொட்டகை முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. பெரியாயிக்குப் பரம திருப்தி.

சனிக்கிழமை, வண்டிகளுக்குத் தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் மண்மூட்டையின் மேல் கூரையைக் கவிழ்த்து, மரச் சுத்தியலால் நெளிவெடுக்கத் தொடங்கினார். ஞாயிறு காலை பஸ் ஏறி வீரய்யா வந்துவிட்டார். "சும்மா டவுனுக்கு வந்தேன்," என்றார். சும்மா வந்தவர் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்து ஒவ்வொரு சுத்தியல் அடியையும் பார்த்தார். கூரையில் படிந்த அடுப்புக் கரியைச் சுரண்டியபோது எழுந்து கிட்டவே வந்தார். கடைசியில் கூரையைத் தூக்கி வண்டியில் வைத்து போல்ட் முடுக்கினோம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா."

"நெசமாவே வண்டிக்குத்தானா?" ஏமாற்றத்தை மறைக்க முடியாமல் அவர் பஸ் ஏறினார். லயத்துக்குப் போய் சுரேஸிடம் என்னவென்று சொல்வது என்பது அவர் கவலை.

திங்கட்கிழமை காலை எட்டு டீச்சர்மாரும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். முஷ்ரிபா டீச்சர் விரலால் கூரையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஏறினார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. டீச்சர் வண்டிக்குள்ளேயே குடையை விரித்தார். மற்ற ஏழு பேரும் விரித்தார்கள். பள்ளிக்கூட வாசல்வரை ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. ஒருவரும் குடையை மடக்கவுமில்லை.

மறுநாளும் எட்டுப் பேரும் வந்தார்கள், குடையோடு.