613

மகள் இறந்து பத்தொன்பதாம் நாள் அவளுடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண் வீட்டுக்கு வந்தது. 613. கல்லூரியில் சமர்ப்பிக்க அன்றே கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. சமர்ப்பிக்கப்படாத மதிப்பெண் அடுத்தவருக்குப் போய்விடும், எழுதியவர் எழுதாதவராகவும் பிறக்காதவராகவும் கருதப்படுவார் என்று கூடவே வந்த தாளில் இருந்தது. வழக்கமான விதிதான்.

இறந்ததைப் பூங்கோதை ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தாள். பிறக்கவில்லை என்பதை அவளால் ஏற்க முடியவில்லை.

ஹால் டிக்கெட்டில் இருக்கும் அதே புகைப்படம் வேண்டும் என்றார்கள். அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வேறு பிரதி இல்லை. மாலையைக் கழற்றிவிட்டுச் சட்டத்தோடு எடுத்துக்கொண்டாள். அவள் கணவன் சம்பத் மொபெட்டில் கல்லூரிக்குக் கொண்டுவந்து விட்டான். துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. அவன் வாசலில் நின்றுகொண்டான்.

உள்ளே மதிப்பெண் வரிசைப்படி நின்றார்கள். 614க்கும் 612க்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. வரிசை நகர்ந்தபோது இடமும் நகர்ந்தது.

"அக்கா, அதுல நிக்காதீங்க. நீங்க எவ்வளவு?" என்றாள் 612.

"பத்தாவதுல எரநூத்தி எம்பத்தி ஏழு."

"அப்பக் கடைசிக்குப் போங்க. அங்க போக டவுன் பஸ் இருக்குது."

பூங்கோதை கையில் இருந்த மஞ்சள் பையைத் தரையில் வைத்துவிட்டு, இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். படத்தை மட்டும் இடத்துக்குள் நீட்டிப் பிடித்திருந்தாள். கை வலித்தது. அரை மணிக்கு ஒரு முறை நடைகூடம் நீண்டது. அப்போது எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, நீள்வது நின்றதும் விட்டார்கள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுத்தரின் மேஜை வந்தது. அவர் படத்தையும் ஹால் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்கம்மணி, இதுல பொட்டு இருக்குது. அதுல இல்லையே."

"கண்ணாடி மேல வெச்சதுங்க."

"எதுக்கு வெச்சீங்க?"

"எறந்துட்டாளுங்க."

எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். "அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

பூங்கோதை முந்தானையால் துடைத்தாள். பத்தொன்பது நாளும் காலையில் வைத்த குங்குமம். ஒரே துடைப்பில் போய்விட்டது.

"இப்பச் சரி," என்று அவர் படத்தைப் படிவத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். கண்ணாடி உடையவில்லை. "மூணு தடவ கூப்புடுவேன். வரலைன்னா பொறத்தால நிக்கறவங்க முன்னால வரலாம்."

612 தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. எங்கப்பா வயித்துல ஆபரேசனோட வெளிய உக்காந்திருக்காரு."

"கோவமில்ல கண்ணு."

"ச. நறுமுகை," என்றார் எழுத்தர்.

யாரும் வரவில்லை.

"ச. நறுமுகை."

612 ஒரு காலை எடுத்தாள்.

"ச. நறுமுகை."

பூங்கோதை இடத்துக்குள் போய் நின்றாள். அவளுக்குச் சரியாக இருந்தது.

"உள்ளேன் ஐயா," என்றாள்.

எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே குறித்துக்கொண்டார். "கூட ஆரு வந்தது?"

"அம்மா."

"எங்க?"

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் பை தரையில் இருந்தது. ஆள் இல்லை.

"இல்லீங்க."

தாய்: இல்லை என்று எழுதினார். அதற்குக் கட்டம் இருந்தது.

இடம் கிடைத்தது. விடுதிச் சீட்டும் கொடுத்தார்கள். 612க்கு இடம் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் அழவில்லை. பையைக் கழற்றி மறுபடி கீழே வைத்தாள்.

வாசலில் சம்பத் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"கெடச்சுதா சாமி?"

"கெடச்சுதுங்கப்பா."

"அம்மா எங்க?"

"வரலீங்க."

அவன் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். காவலாளி சங்கிலி போட்டுப் பூட்டினார். சம்பத் வண்டியை எடுத்தான்.

விடுதி, கல்லூரிக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. அவளை இறக்கிவிட்டான். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தான்.

"நேரத்துக்குச் சாப்புடு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழம பாக்க உடுவாங்களாம்."

"செரிங்கப்பா."

"நான் ஒருத்தந்தான் வருவேன் சாமி," என்றான். "அம்மாவக் கேட்டு அழுகாத."