இரண்டாவது சாட்சி

இத்ரான் வாயைத் திறந்தால் ஊரில் யாருக்காவது வயிறு எரியும். இது ஏலேக்குக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கூடப் பிறந்தவன் தீர்க்கதரிசியாகப் போய்விட்டால் அண்ணன்காரன் படும் பாட்டை எந்தச் சுருளிலும் யாரும் எழுதுவதில்லை. தம்பி ஆட்டுமயிர்ப் போர்வையைச் சுற்றிக்கொண்டு குகையில் உட்கார்ந்து கர்த்தரோடு பேசிக்கொண்டிருப்பான். அவனுக்கு ரொட்டியும் எண்ணெயும் சுமந்துகொண்டு மலையேறுவது அண்ணன். தம்பி இறங்கி வந்து மூப்பர்களை முகத்துக்கு நேரே திட்டிவிட்டுப் போய்விடுவான். மறுநாள் ஊர்வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதும் அண்ணன்தான்.

ஏலேக் பாறையில் தண்ணீர்த்தொட்டி வெட்டுகிறவன். கைநிறைய வேலை, வீட்டில் மனைவி திம்னாள், இரண்டு பெண் குழந்தைகள். யூதா மலைநாட்டில் பெத்சூவா போன்ற சின்ன ஊரில் ஒரு மனிதன் நிம்மதியாக இருக்க இது போதும். தம்பி மட்டும் இல்லாமல் இருந்தால்.

ஊருக்குப் பெரியவர் சக்கூர். ஊர்வாசலில் வழக்குக் கேட்கும் மூப்பர்களில் அவர் பேச்சுத்தான் எடுபடும், ஏனென்றால் பாதி ஊர் அவர் களஞ்சியத்திலிருந்துதான் விதை வாங்கியது. அவர் நிலத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டி, ஒக்லாளின் நிலம் இருந்தது. அவள் புருஷன் ஆண்பிள்ளை இல்லாமல் செத்துப்போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு உழவுக்கும் எல்லைக்கல் கால் முளைத்ததுபோல் கீழே கீழே நகர்ந்தது. கடைசியில் ஓடைக்கரைக்கே வந்து சேர்ந்தது. ஒக்லாள் தன் சொந்த நிலத்திலேயே, சக்கூரின் ஆட்கள் அறுத்துப்போன பின்னால், சிந்திய கதிரைப் பொறுக்கித் தின்றாள். ஊரே பார்த்தது. ஊரே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தது.

கூடாரப் பண்டிகையன்று, மழைக்காக எல்லாரும் கூடி நின்ற நேரத்தில், இத்ரான் மலையிலிருந்து இறங்கி வந்தான். கையில் அந்த நிலத்து மண். மூப்பர்கள் முன்னால் நின்று அதை வாயில் போட்டு நறநறவென்று மென்றான்.

"நல்லாப் பாத்துக்குங்க. இனி உங்களுக்கும் இதுதான் சாப்பாடு. ஒக்லாளோட எல்லைக்கல் பழைய இடத்துக்குத் திரும்புற வரைக்கும் வானத்துலேருந்து ஒரு சொட்டு விழாதுன்னு கர்த்தர் சொல்றார்."

சக்கூர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஏம்ப்பா, வானத்தையும் பூமியையும் படைச்சவருக்கு வேற வேலையே இல்லையா? ஒரு ஏர் நாலு நாள்ல உழுது முடிக்கிற நிலத்துக்காகவா வானத்தைப் பூட்டுவார்?"

கூட்டம் சிரித்தது. ஏலேக்கும் சிரித்தான். சிரிக்காமல் தனியாக நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. அடுத்த வருஷமும் பெய்யவில்லை. ஆடுகள் செத்தன. தொட்டிகளின் அடியில் சேறுதான் மிஞ்சியது, பெண்கள் அதைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். ஏலேக்கின் சின்ன மகள் அழுவதை நிறுத்திவிட்டாள். அழுத காலமே தேவலை என்று திம்னாள் சொன்னாள்.

கல்லைத் திருப்பி வையுங்கள் என்று சக்கூரிடம் போய்ச் சொல்ல அந்த ஊரில் ஒரு ஆம்பளை இல்லை. அடுத்த விதைப்புக்கு அவரிடம்தான் போகவேண்டும். அதனால் எல்லாருடைய கோபமும் இத்ரான்மேல் திரும்பியது. வானத்தைப் பூட்டியவனே திறக்கட்டும் என்று குகையிலிருந்து அவனை இழுத்துவந்து ஊர்வாசல் தூணில் கட்டினார்கள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும்வரை அவனுக்குத் தண்ணீர் கிடையாது என்றார் சக்கூர்.

ஏலேக் போய் அவன் காலடியில் உட்கார்ந்தான்.

"தம்பி, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. தண்ணி நான் தர்றேன்."

இத்ரானின் உதடு வெடித்திருந்தது. "என் சொல்லா இருந்தா எடுத்துக்குவேண்ணே. அது என்னுது இல்லையே."

"என் சின்னவ நாக்குத் தடிச்சுக் கிடக்காடா."

"அதை சக்கூர்கிட்ட போய்ச் சொல்லு. கல்லு அவர்கிட்டதானே இருக்கு?"

"நீ செத்துப் போயிடுவே!"

"செத்துப்போனா என்ன? சொல்லு நிக்கும்."

ஏலேக்குக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அந்தத் தலையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து வந்தான். இன்னும் ஒரு நாள் போனால் தம்பி பிணம் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தக் காரியத்தை அப்போதுதான் செய்தான். நடுப்பகல், வெயிலுக்குப் பயந்து ஊர் முழுவதும் நிழலில் ஒடுங்கிக் கிடந்தது. ஏலேக் பாறை நெம்பும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனான். கட்டையை எல்லைக்கல்லின் அடியில் செருகினான். எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று வருஷா வருஷம் சபையில் உரக்கச் சொல்வார்கள், ஆமென் என்று கத்துகிறவர்களில் அவனும் ஒருவன். பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாலும் அது அடுத்தவன் எல்லையில் கைவைத்ததுதானா? அதைக் கேட்க யாரிடம் போவது? கேட்க வேண்டிய ஆளைத் தூணில் கட்டியிருந்தார்கள்.

கல்லை நெம்பி, புரட்டி, மூச்சு வாங்கி, மறுபடியும் நெம்பினான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பாதி மேட்டில் நிமிர்ந்து பார்த்தபோது ஒக்லாள் தன் வீட்டுக் கூரையில் நின்றுகொண்டிருந்தாள். ஏலேக்குக்கு உயிர் போய்விட்டது. அவள் கத்தவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டி, இன்னும் மேலே, இன்னும் அந்தப் பக்கம் என்று காட்டினாள். கல் சரியான இடத்துக்கு வந்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் மேற்கே, கடல் பக்கம், கறுப்பாக ஏதோ திரண்டது. இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

விடியும்வரை கொட்டியது. ஜனங்கள் தெருவில் நின்று ஆடினார்கள், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வெளியே வைத்தார்கள். பொழுது விடியும் நேரத்தில் ஏலேக் கத்தியை எடுத்துக்கொண்டு தம்பியின் கட்டை அறுக்க ஓடினான். இத்ரான் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கடைசியில சக்கூர் கல்லை வச்சுட்டாரா?"

ஏலேக் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சக்கூரின் குரல் வந்தது. மற்ற மூப்பர்களும் கூட இருந்தார்கள்.

"கத்தியை உள்ள வைப்பா. மழை வந்துருச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நிலமோ என் கையிலதான் இருக்கு. நான் யாருக்கும் எதையும் திருப்பித் தரல. அப்போ கல்லு திரும்பாம மழை பெய்யாதுன்னு கர்த்தர் பேரைச் சொல்லி இவன் அளந்தது யாரோட சொல்லு?"

கூட்டம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னதாகச் சொல்கிறவனுக்கு என்ன தீர்ப்பு என்று அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்லவேண்டும்.

ஏலேக் கத்தியை இடுப்பில் செருகினான். சொன்னால் சாபம் தன் தலையில் விழும். சொல்லாவிட்டால் தம்பி சாவான். அவன் சொன்னான்.

"கல்லு திரும்பிருச்சு. நான்தான் நகர்த்தினேன், நேத்து மத்தியானம். பழைய இடத்துலயே வச்சேன்."

இத்ரானின் முகம் மலர்ந்துபோயிற்று. "நீயா! அப்போ சொல்லு பொய்க்கலையே, அண்ணே!" உயிர் பிழைத்த சந்தோஷமாக அது தெரியவில்லை. தனக்காக அண்ணன் எதைத் தலையில் போட்டுக்கொண்டான் என்று அவன் நினைத்ததாகவும் தெரியவில்லை. அது ஏலேக்குக்குக் கொஞ்சம் வலித்தது.

"வாங்க, போய்ப் பாப்போம்" என்றார் சக்கூர்.

எல்லாரும் நிலத்துக்குப் போனார்கள். மேட்டு மண்ணைத் தாங்கிநின்ற கல்மதில் இரண்டு வருஷம் காய்ந்து வெடித்திருந்தது, இரவு மழையில் இடிந்து சரிந்திருந்தது. நிலம் முழுக்கச் சேறும் கல்லும். அதில் எது எல்லைக்கல், எது மதிலின் கல் என்று கர்த்தர்தான் சொல்லவேண்டும்.

"எங்கப்பா கல்லு? காட்டு."

"இங்கதான் வச்சேன். என் கையைப் பாருங்க பெரியவரே, தோலெல்லாம் உரிஞ்சிருக்கு."

"பாறை வெட்டுறவன் கை வேற எப்படி இருக்கும்? ரெண்டு சாட்சி இல்லாம எந்தக் காரியமும் நிலைக்காதுன்னு மோசேயோட சட்டம் சொல்லுது. நீ ஒருத்தன். அதுவும் கூடப் பிறந்தவன். வேற யாராவது பாத்தீங்களா?"

ஏலேக் திரும்பினான். ஒக்லாள் கூட்டத்தின் ஓரத்தில் நனைந்த முக்காட்டோடு நின்றாள்.

"ஒக்லா பாத்தா! கூரையில நின்னு பாத்தா! மதினி, சொல்லுங்க!"

சக்கூர் அவளைப் பார்த்தார். மிரட்டவில்லை, சும்மா பார்த்தார்.

"நான் உள்ள படுத்திருந்தேன்" என்றாள் ஒக்லாள். "நான் யாரையும் பாக்கல."

அதோடு வழக்கு முடிந்தது. இடிந்த மதிலுக்குப் பக்கத்திலேயே இத்ரானை நிறுத்தினார்கள், கல்லுக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் முதல் கல்லை எடுக்க யாரும் முன்வரவில்லை. சொல்லைக் காதால் கேட்ட சாட்சியின் கைதான் முதலில் எறியவேண்டும் என்பது முறை. ஊரே கேட்டிருந்தது. ஒருவேளை இவன் மெய்யான தீர்க்கதரிசியாக இருந்தால் ரத்தப்பழி முதல் கைக்காரன் தலையில் அல்லவா விழும்? ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலேக்கு, நீ அன்னிக்கு முன்வரிசையில நின்னு கேட்டவன்" என்றார் சக்கூர்.

"என்னால முடியாது."

"முடியாதா? எல்லைக்கல்லைத் தொட்டேன்னு உன் வாயாலதானே சொன்னே? அது நெசம்னா நீ சபிக்கப்பட்டவன். உனக்கோ உன் வீட்டுக்கோ இந்த ஊர்த் தொட்டியில ஒரு வாய் தண்ணி கிடையாது. பொய்னா, தம்பியைக் காப்பாத்தச் சொன்ன பொய்தான், நாங்க மறந்துடறோம். எடு கல்லை."

அவன் சொன்ன அதே பேச்சு தம்பியைக் காப்பாற்ற உதவவில்லை, அவனை நெரிக்க மட்டும் உதவியது. ஏலேக் திம்னாளைப் பார்த்தான். அவள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அவன் கல்லை எடுத்தான். பெரியதாகப் பார்த்து எடுத்தான், ஒன்றோடு முடிந்துவிட வேண்டும் என்று.

"முகத்தைத் திருப்பாதேண்ணே, குறி தப்பும்" என்றான் இத்ரான்.

ஏலேக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈரக் கல் வழுக்கி, தம்பியின் முழங்காலை நொறுக்கியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். முதல் கல் விழுந்த பிறகு யாருக்கும் கை கூசவில்லை. அது சட்டென்று முடியவும் இல்லை. வெயில் ஏறும்வரை ஆயிற்று. ஒக்லாளும் ஒன்று எறிந்தாள், சின்னக் கல்தான், சக்கூர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக.

மறுநாளே எல்லாரும் ஏர் பூட்டினார்கள். ஏலேக்கும் தன் துண்டு நிலத்தில் வாற்கோதுமை விதைத்தான். முளை பச்சைப்பசேலென்று வந்தது. ஆனால் அந்த ஒரு மழைக்குப் பிறகு இன்னொரு மழை இல்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. முளை நுனியில் மஞ்சள் தட்டியது. மழையைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை, ஆனால் எல்லாரும் சக்கூரின் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். சக்கூர் விதைத்ததுதான் ஊரிலேயே அதிகம்.

ஒருநாள் காலையில் அவரே மற்ற மூப்பர்களோடு ஏலேக்கின் வீட்டு வாசலுக்கு வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"ஏலேக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போப்பா."

நிலத்தில் சேறு அள்ளப்பட்டிருந்தது. மாடு பூட்டிய சறுக்குப் பலகையில் புதிதாகச் செதுக்கிய கல் ஒன்று இருந்தது. ஊரில் பாதி அங்கே கூடியிருந்தது.

"எந்த இடம்ப்பா?"

"எது?"

"அதான்... நீ அன்னிக்கு நகர்த்தி வச்சியே, அந்த இடம்."

ஏலேக் அவரை வெறித்துப் பார்த்தான். "நான் நகர்த்தலேன்னுதானே தீர்ப்பு?"

சக்கூர் பலகையில் இருந்த புதுக் கல்லைக் காட்டினார். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அன்றைக்கு அவன் சொன்னதை ஒருவர் விடாமல் நம்பியிருந்தார்கள். நம்பிக்கொண்டேதான் எறிந்தார்கள்.

"பயிர் கருகுது, ஏலேக்கு" என்றார் சக்கூர். "உன்னுதும்தான்."

ஏலேக் நடந்துபோய்க் காலால் ஓர் இடத்தைக் காட்டினான்.

ஒரு கிழட்டு மூப்பர் தொண்டையைச் செருமினார். "ஒருத்தன் சொல்லி எல்லைக்கல் போட முடியாது. ரெண்டு சாட்சி வேணும்."

"நான் பாத்தேன்."

ஒக்லாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கூரை மேல நின்னு பாத்தேன். கையைக் காட்டி இடம் சொன்னதே நான்தான். இதே இடம்."

சக்கூர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "சரி, சாட்சி ரெண்டாச்சு. கல்லை இறக்குங்க."

ஏலேக் அவளிடம் போனான்.  "அன்னிக்குக் கேட்டேனே மதினி."

"கேட்டே" என்றாள் அவள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "அன்னிக்கு நான் அவர் காட்டுல கதிர் பொறுக்கித் தின்னவ. இன்னிக்குத்தான் எனக்கு நிலம் இருக்கு."

பலகையிலிருந்து கல் நகர மறுத்தது. கல்லை நெம்பத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டியிருந்தது.

"ஏலேக்கு, ஒரு கை பிடிப்பா" என்று சக்கூர் கூப்பிட்டார்.

ஏலேக் போய்ப் பிடித்தான்.