மூன்று மில்லிமீட்டர்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘அரை டிகிரி’ என்று பெயர். செயற்கைக்கோளில் ஏறப்போகும் எந்தக் கருவியும் அவளுடைய சோதனை அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அரை டிகிரி பிசகினாலும் கையெழுத்துப் போடமாட்டாள். கெஞ்சினாலும் சரி, கொஞ்சினாலும் சரி.

இந்த முறை வந்தது மைக்ரோவேவ் ரேடியோமீட்டர். கடலும் மேகமும் வெளிவிடும் மெல்லிய கதிர்வீச்சை மேலிருந்து பிடித்து, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்கிற கருவி. அதன் உயிர்நாடியான ரிசீவரை நான்கு வருடம் உட்கார்ந்து செய்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்தான். சொல்லவா வேண்டும்! “வீட்டுச் சமையலுக்கு வீட்டுலயே சர்டிபிகேட்டா?” என்று கேன்டீனில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

வெப்பநிலை முன்கூட்டியே தெரிந்த இரண்டு பொருள்களைக் கருவிக்குக் காட்டவேண்டும். ஒன்று சூடானது, இன்னொன்று கடுங்குளிரான திரவ நைட்ரஜன் நிரப்பிய தொட்டி. இரண்டையும் சரியாகச் சொன்னால்தான் இடையில் இருப்பதைச் சொல்லும்போது நம்பலாம். சூடான பொருளை ஒழுங்காகச் சொன்னது. தொட்டியைப் பார்த்ததும் எண் ஒரு டிகிரி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மூன்று நாளும் இதே கூத்து.

‘ரிசீவர் நிலையாக இல்லை’ என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அதைக் கழற்றிவிட்டு, வேறொரு குழுவின் ஸ்பேர் ரிசீவரைப் பொருத்துவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பு அலமாரிக்குப் போகும். அன்று இரவு வீட்டுக்காரர் எப்போதும்போல மகளுடைய வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

காலையில், தொட்டிக்கு நைட்ரஜன் ஊற்றும் டெக்னீஷியன் தன் நோட்டை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கால் மணிக்கு ஒருமுறை திரவத்தின் மட்டத்தை அளந்து அதில் எழுதியிருந்தார். யாரும் கேட்டதில்லை, அவரும் விட்டதில்லை. அவள் அதைத் தன் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நைட்ரஜன் ஆவியாகி மட்டம் ஆறு மில்லிமீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். மூன்று நாளும் அப்படியேதான்.

ரிசீவரில் கோளாறு என்றால், தொட்டியின் மட்டம் அதற்கு எப்படித் தெரியும்? கருவியின் வாயிலிருந்து தானாகக் கசியும் இரைச்சல், அதாவது மெல்லிய கதிர்வீச்சு, திரவப் பரப்பில் பட்டு நேராக அதற்குள்ளேயே திரும்பிப் போயிருக்கிறது. தூரம் மாற மாற, திரும்பிய அலை ஒருசமயம் அளவைக் கூட்டியும் ஒருசமயம் குறைத்தும் எண்ணை ஆட்டியிருக்கிறது. கருவியை ரசமட்டம் வைத்து, மயிரிழை சாயாமல், தொட்டிக்கு நேர் மேலே நிறுத்தியது யார்? அவளேதான். கொஞ்சம் சாய்த்திருந்தால் இரைச்சல் பக்கவாட்டில் போயிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இங்கே கூடம் கோணாததுதான் தப்பாகப் போயிற்று.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் தயங்கவில்லை. இயக்குநரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

“நீங்களே திருகுங்க சார். நான் தொட்டா, புருஷனுக்காகப் பண்றான்னு சொல்லுவாங்க.”

தொட்டிக்கு அடியிலிருந்த மேடையை அவர் திருகி மூன்று மில்லிமீட்டர் உயர்த்தினார். எண் ஒரு டிகிரி ஏறியது. இன்னும் மூன்று உயர்த்தினார். இறங்கிவிட்டது.

“என்னம்மா இது, நான் திருகத் திருக ஆடுது!”

“ரிசீவர் ஆடல சார். நான் நிறுத்தின விதம் தப்பு. இப்ப பாருங்க.”

அவர் கண்முன்னேயே கருவியைச் சற்றே சாய்த்தாள். அதன்பின் அவர் எவ்வளவு திருகியும் எண் அசையவில்லை. ‘தவறு என்னுடையது’ என்று புது அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இயக்குநர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “அப்ப இது வேண்டாம். காலைல உங்க வீட்டுக்காரர் குடுத்துட்டுப் போனாரு.”

ரிசீவரைக் கழற்ற ஒப்புதல் கடிதம். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: ‘அளந்தவர் தவறாக அளக்கமாட்டார்.’

வீட்டுக்காரருடைய அறைக்குள் புயலாக நுழைந்தாள். “ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? நாலு வருஷம் பாடுபட்டுச் செஞ்சதுக்காக ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா?”

“ரிசீவர நாலு வருஷமாத்தான் தெரியும். உன்னைப் பதினோரு வருஷமாத் தெரியும்ல?”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “இனிமே என்னையும் ஒரு தடவை அளந்து பாத்துட்டு நம்புங்க” என்றாள்.