மாத்தியாச்சு மாமா

என் மாமனார் போன் செய்தால் முதல் கேள்வி, "ஆயில் மாத்தினீங்களா மாப்ள?" என்பதாகத்தான் இருக்கும். அவருடைய மகள் எப்படி இருக்கிறாள் என்பது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். சில சமயம் வராமலே போகும். அதில் தப்பில்லை. மகளை எனக்குக் கொடுத்து இருபது வருஷம் ஆகிறது. காரைக் கொடுத்து இரண்டு வருஷம்தான்.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் இன்ஜின் வேலை பார்த்தவர். காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு 'ஸ்டெதஸ்கோப்' என்று பெயர். தெறித்த இரும்புத் துகள் ஒன்று வலது கண்ணை அப்போதே வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை விழுந்து, எதிரே வருவது சைக்கிளா லாரியா என்று தெரியாமல் போனபோது, பதினேழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த காரை என்னிடம் கொடுத்தார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

"புது வண்டின்னா கொஞ்சம் பொறுத்துக்கும் மாப்ள. இது வயசான வண்டி. போகப் போக ஆயிலக் குடிக்கும். பாத்துக்கிட்டே இருக்கணும்."

முதல் தடவை ஒழுங்காக மாற்றினேன். இரண்டாம் தடவை வந்தபோது கடையில் சீசன். எனக்குப் பொத்தான், ஜிப், லேஸ் மொத்த வியாபாரம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் தலை சொறிய நேரமிருக்காது. போன் வந்தது. "மாத்தியாச்சு மாமா" என்றேன். சாயம் போகிற லேஸை ஏழு தடவை துவைத்தாலும் போகாது என்று சொல்லி விற்ற வாய்க்கு இது ஒரு பெரிய விஷயமா? அடுத்த போனுக்கும் அதே பதில்தான். பொய் முதல் தடவைதான் தொண்டையில் சிக்கும். அப்புறம் தானாக இறங்கிவிடும்.

அன்று காலை, கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த அந்தக் காரில்தான் அவரைக் கண் ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி மலைமேல். பெரிய டாக்டர் அங்கே மாதத்தில் ஒரே ஒரு நாள் வருவார். புரை முற்றிவிட்டது, இனியும் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போய்விடும், அடுத்த மாதம் என்ற பேச்சே எடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பத்தரை மணிக்குள் பேர் பதியாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் என் மனைவி, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

மலையடிவாரப் பெட்ரோல் பங்குக்கு முந்தைய வளைவில் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. டாஷ்போர்டில் ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு. மணி ஒன்பதரை.

பங்கில் ஆயில் கிடைக்கும். வண்டியை உள்ளே விட்டு, பானெட்டைத் திறந்து, ஒரு டப்பா வாங்கி ஊற்றினால் பத்து நிமிஷம். ஆனால் பானெட் திறக்கிற சத்தம் கேட்டால் அவர் சும்மா இருப்பாரா? நான் கணக்குப் போட்டேன். ஒரு சிமிட்டல்தானே. பதினெட்டு கிலோமீட்டர்தானே. பங்கு வந்தது, போனது.

மூன்றாவது வளைவில் விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. அதனுடன் பேரம் பேச ஆரம்பித்தேன். வளைவில் மட்டும் எரிந்தால் பரவாயில்லை என்றேன். நேரான மேட்டிலும் எரிந்தது. எரிந்து எரிந்து அணைகிறவரை பரவாயில்லை என்று இறங்கி வந்தேன். என் வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு வேகமாக விலை குறைத்ததில்லை. அப்போதுதான் இன்ஜினுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ உள்ளே சிக்கிக்கொண்டு கரண்டியால் தட்டுகிற மாதிரி, மெல்ல, விடாமல்.

ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

"மாப்ள, ரேடியோவ நிறுத்துங்க."

"பாட்டு நல்லாருக்கேன்னு பாத்தேன் மாமா."

"அது விளம்பரம் மாப்ள. நிறுத்துங்க. கண்ணாடிய எறக்குங்க."

இறக்கினேன். குளிர்காற்றோடு சத்தமும் உள்ளே வந்தது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பார்வையில்லாத இரண்டு கண்களும் நேரே பார்த்துக்கொண்டிருந்தன.

"மாத்தி எவ்வளவு ஓடிருக்கும்?"

"மூவாயிரம் இருக்கும் மாமா."

"மூவாயிரத்துல இப்பிடித் தட்டாதே." காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். "செவப்பு லைட் எரியுதா?"

எரிந்துகொண்டிருந்தது. இப்போது சிமிட்டல் கூட இல்லை. அதன் வெளிச்சம் என் சட்டைப் பொத்தானில் விழுந்து தெரிந்தது.

"இல்ல மாமா."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். என் மனைவி சீட்டு இடைவெளியில் எட்டி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே கெஞ்சினேன். வேண்டாம், இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்.

"எரியுதுப்பா" என்றாள்.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் மாமனார். குரலில் கோபமில்லை.

வளைவு தாண்டி, லாரிகள் ஒதுங்குவதற்கு விட்ட இடத்தில் நிறுத்தினேன். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆயில் பார்க்கிற குச்சியை உருவினேன். முனையில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"எவ்வளவு நிக்குது?"

"கொஞ்சம் கம்மிதான் மாமா. பாதிக்குக் கீழ..."

"இப்பிடிக் குடுங்க."

குச்சியை வாங்கி விரலால் நுனியை நெருடினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். முகர்ந்தார். பிறகு கையை நீட்டினார். மகள் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"இது ஆயில் இல்ல மாப்ள. தார். எத்தனை ஆயிரம்? இப்பவாவது சொல்லுங்க."

"பதிமூணு."

"நான் போன்ல கேட்டப்பல்லாம்..."

"சீசன் மாமா. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு..."

"அத விடுங்க இப்ப" என்றாள் என் மனைவி. "எட்டு கிலோமீட்டர். எப்பிடியாவது ஓட்டுங்க. இன்ஜின் போனாப் போகட்டும், கார்தானே. அப்பா, ஏறுங்க."

"கார்தான். ஆனா நடு மேட்டுல இன்ஜின் இறுகிப்போச்சுன்னா ஸ்டியரிங் திரும்பாது, பிரேக் கல்லாயிடும். பின்னாடி உருண்டா எங்க போய் நிப்போம்னு நெனக்கற? ஒரு கண்ணுக்காக மூணு உசுரா? நான் ஏற மாட்டேன்."

நான் ரோட்டின் நடுவே போய் நின்று கையை ஆட்டினேன். முதல் கார் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. இரண்டாவதில் இருந்தவர்கள் எனக்குப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் நாலு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. என் மனைவி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கடிகாரத்தைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள்.

பத்து ஏழுக்கு ஒரு சிலிண்டர் லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. கிட்டத்தட்ட அதன் முன்னால் விழுந்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன சார், சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"அண்ணே, பெரியவருக்குக் கண் ஆபரேஷன். பத்தரைக்குள்ள மேல இருக்கணும். எவ்வளவு கேட்டாலும்..."

"முன்னாடி ரெண்டு பேருக்குத்தான் எடம். ஏத்துங்க. பேசிக்கிட்டே நிக்காதீங்க."

"எவ்வளவுன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"ஏத்தப் போறீங்களா, வெல பேசப் போறீங்களா?"

என் மனைவி அதற்குள் அப்பாவின் காலைப் படியில் எடுத்து வைத்திருந்தாள். அவர் பாதி ஏறியவர் நின்று, கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"சாவி."

"மாமா, நான் இங்கயேதான் இருப்பேன். ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

"குடுங்க மாப்ள."

கொடுத்தேன். "கீழ போய் ஆயில் வாங்கிட்டு வந்து ஊத்தி வைங்க" என்றார். லாரி நடக்கிற வேகத்தில் கிளம்பியது. அடுத்த வளைவில் மறைகிறவரை அது என் கண்ணெதிரே ஊர்ந்தது. பக்கத்தில் ஓடிப்போய்த் தள்ளலாமா என்றிருந்தது.

கீழே இறங்குகிற பஸ் ஒன்றில் தொற்றிக்கொண்டு பங்குக்குப் போனேன். வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை ஆயிற்று. பத்து நாற்பது ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. கூப்பிடத் தைரியமில்லை. பங்குக்காரர் மூன்று டப்பா ஆயிலை எடுத்து வைத்து விலை சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். அவரே ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து ஐம்பத்தொன்றுக்கு மனைவியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'கடைசி ஆளா பேர் எடுத்துக்கிட்டாங்க.' பஸ் நிறுத்தத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மேலே போகிற பஸ் வர அரை மணியானது. காருக்கு வந்து ஆயிலை ஊற்றினேன். சாவி இல்லாத காரில் உட்கார்ந்து, உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் இருந்தேன்.

மதியம் ஒன்றரைக்கு என் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"முடிஞ்சுது. நரம்பு நல்லாருக்காம். நாளைக்குக் காலைல கட்டு அவுப்பாங்க. நர்ஸ் பக்கத்துல இருக்காங்க." எல்லாவற்றையும் காரைப் பார்த்தே சொன்னாள். பிறகு போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அப்பா, வந்துட்டேன்."

"பானெட்டத் தெறந்து போன இன்ஜின்கிட்டப் பிடிக்கச் சொல்லு" என்றது மாமனாரின் குரல், களைப்பாக. "நீ ஸ்டார்ட் பண்ணு."

நான் போனைப் பிடித்தேன். அவள் சாவியைத் திருகினாள். ஒரு முனகல். நின்றது. மறுபடி திருகினாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கரண்டிச் சத்தம் இருந்தது, ஆனால் தூரத்தில், அடுத்த வீட்டில் கேட்கிற மாதிரி.

மலைமேல் கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் ஒரு நிமிஷம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடி பட்டிருக்கு" என்றார் கடைசியில். "சாகல. செவப்பு லைட் எரியுதா?"

"இல்ல மாமா" என்றேன். இந்தத் தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நிஜமாகவே அணைந்திருந்தது.

"உங்களக் கேக்கல மாப்ள. அம்மாடி, நீ பாத்துச் சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். "அணைஞ்சிருச்சுப்பா."

"சரி. மெதுவா எறக்கிட்டுப் போ. மொதல்ல கராஜ். பழசு முழுக்க எறங்கற வரைக்கும் கூடவே நில்லு."

நான் பானெட்டை மூடிவிட்டு வந்தேன். அவள் நகரவில்லை. சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.